எங்க எழுதியிருக்கு, அக்கா?

மங்களூர்ப் பக்கத்து மூடபித்ரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், பட்டரின் ஓட்டலுக்கு மேல்மாடியில் இருக்கும் புஷ்பராஜின் மென்பொருள் கம்பெனியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. ஒரு கை உடைந்த நாற்காலி. அதில் உட்காருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் தெரியாது. அதுதான் அங்கே சட்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்தாக வேண்டும். கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். தாளில் நாலைந்து கருவிகளின் பெயர் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன செய்யும் என்று இரண்டு மூன்று வரி இருக்கும். கருவி என்றால் சுத்தியல், திருப்புளி இல்லை. கம்ப்யூட்டருக்குள் வேலை செய்கிற சின்னச் சின்னக் கருவிகள். ஒன்று டோக்கன் போடும், ஒன்று ரசீது அனுப்பும், ஒன்று குறித்த தேதியை மாற்றும். எதிரில் இருப்பவர் வாடிக்கையாளர் மாதிரிப் பேசுவார். நாற்காலிக்காரர், தாளில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் கருவியை எடுப்பேன் என்று சொல்ல வேண்டும். தாளில் இல்லாத ஒன்று வாயிலிருந்து விழுந்தால் போதும், அறையே கத்தும்: "எங்க எழுதியிருக்கு?" தோற்றவர் எல்லோருக்கும் கோளி பஜே என்ற மைதா போண்டா வாங்கித் தர வேண்டும்.

ஹரிணாக்ஷி அந்த ஆட்டத்தில் ஜெயித்ததே இல்லை. அவள் உட்காரப் போகிறாள் என்று தெரிந்தாலே, நிரல் எழுதும் ஸம்சீர் ஜன்னல் வழியாகக் கீழே ஓட்டலுக்குக் குரல் கொடுத்துவிடுவான். "பட்டரே, சட்டியைப் போடுங்க. இன்னிக்கு ஹரிணக்கா முறை!"

ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான். "வியாழக்கிழமை காலையில டாக்டரைப் பாக்கணும்" என்றான் ஸம்சீர், இருமிக்கொண்டு, கிழவர் குரலில்.

"வியாழக்கிழமை டாக்டர் காலையில வரமாட்டாரே."

"எங்க எழுதியிருக்கு?"

"ஊருக்கே தெரியும் மாராய! மூணு வருஷம் அந்த ஆஸ்பத்திரில நான் டோக்கன் குடுத்திருக்கேன்."

"ஊருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாற்காலிக்குத் தெரியாதே அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். பஜே வந்தது. சட்னியில் அன்றைக்கு உப்புக் கூட.

ஆனால் திங்கள் முதல் வெள்ளி மதியம் வரை அந்தக் குறிப்புகளுக்கெல்லாம் மார்க் போடுகிறவள் அவள்தான். ஏஐ ஏஜென்ட் என்று சொல்கிறார்களே, மனிதர் மாதிரிப் பேசி, கேட்ட வேலையைத் தானே செய்து முடிக்கிற மென்பொருள், அதற்குக் கருவியின் உள்வயிறு தெரியாது. வெளியே ஒட்டியிருக்கும் குறிப்புதான் தெரியும். மூடி போட்ட டப்பா வரிசை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேலே உப்பு என்று எழுதிவிட்டு உள்ளே சர்க்கரை வைத்தால் சமைக்கிறவரைத் திட்டி என்ன பயன்? ஹரிணாக்ஷி ஏஜென்ட்டிடம் விதவிதமாக வேலை கேட்பாள். எந்த டப்பாவைத் திறக்கிறது என்று பார்ப்பாள். தப்பாகத் திறந்தால் அதற்குக் காரணம் ஏஜென்ட்டா, மேலே ஒட்டிய சீட்டா என்று பிரித்து எழுதுவாள். பெரும்பாலும் சீட்டுதான்.

நிரல் எழுதும் பையன்களுக்குத் தாங்கள் செய்த கருவியின் மேல் பெற்ற பாசம். 'எல்லாத் தேவைகளுக்கும் ஏற்றது' என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

"கல்யாணத் தரகர் மாதிரி எழுதாதீங்கப்பா" என்பாள். "மாப்பிள்ளை என்னென்ன செய்வார்னு நீட்டி முழக்குறீங்க. எதைச் செய்யமாட்டார்னு யாரு சொல்றது? கட்டிக்கிட்டவளா வந்து கண்டுபிடிக்கணும்?"

மார்க் குறைத்தால் பக்கத்தில் காரணம் எழுதுவாள். முழு மார்க் போட்டாலும் எழுதுவாள். அந்தப் பழக்கம் அவளுக்கு வந்த கதை வேறு.

அவள் அம்மா சுந்தரி பீடி சுற்றினாள். ஹரிணாக்ஷி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இலை வெட்டிக் கொடுப்பாள். சனிக்கிழமை கட்டுகளைச் சுமந்துகொண்டு டிப்போவுக்குப் போவார்கள். அங்கே செக்கர் ஒருவர் கட்டை எடுப்பார், விரலால் அமுக்குவார், சிலதைப் பிரித்துக் குப்பைக் கூடையில் போடுவார். பேசமாட்டார். ஒருநாள் சிறுமி கேட்டாள்: "ஏன் மாமா, இதுல என்ன தப்பு?" அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உங்கம்மாவைக் கேளு. அவளுக்குத் தெரியும்." திரும்பி வரும்போது அம்மாவைக் கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சா ஏண்டி தப்பாச் சுத்துறேன்?" என்றாள் சுந்தரி.

அந்தச் சந்தில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள் ஹரிணாக்ஷி. பி.காம். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு எடுத்த படத்தை சுந்தரி பீடி முறத்துக்கு நேர் மேலே, நிமிர்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டினாள். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பார்க்காதவர்களுக்குத் தேநீர் ஆறித்தான் வரும். பட்டம் வாங்கியவளுக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. அங்கே டோக்கன் மென்பொருள் போட வந்த புஷ்பராஜிடம் அது எங்கெங்கே மக்களைக் குழப்பும் என்று காரணத்தோடு ஒரு மணி நேரம் அடுக்கினாள். அவன் கேட்டுவிட்டு, "அக்கா, எழுத எங்கிட்ட நாலு பேர் இருக்காங்க. எழுதினதை நம்பாத ஆள் ஒண்ணு வேணும், வர்றீங்களா?" என்றான். பீடி சுற்றியவளின் மகள் மெஷினுக்குப் பரீட்சை வைக்கிறவள் ஆனது அப்படித்தான்.

அந்த வருஷம் கம்பெனிக்குக் கிடைத்த பெரிய வேலை நெல்லிபதவு அம்மன் கோயில் மேளத்தினுடையது. மேளம் என்றால் யக்ஷகானக் கூத்துக் குழு. கார்த்திகையில் காலில் சலங்கை கட்டினால் வைகாசி பத்தாம் நாள், பத்தனாஜெ அன்றுதான் அவிழ்ப்பார்கள். அதுவரை ஒவ்வொரு ராத்திரியும் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் ஆட்டம். எல்லாம் வேண்டுதல். பிள்ளைக்குக் காய்ச்சல், கோர்ட்டில் வழக்கு, கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, எதுவாக இருந்தாலும் நெல்லிபதவு திசை பார்த்துக் கும்பிட்டு "ஒரு ஆட்டம் வைக்கிறேன் தாயே" என்றுவிடுவார்கள். வேண்டிக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ராத்திரி பெருகவில்லை. இன்றைக்குப் பெயர் கொடுத்தால் முறை வரப் பத்தொன்பது வருஷம்.

கோயில் அலுவலகத்தில் நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் போனை எடுக்கத்தான் ஏஜென்ட். துளுவிலேயே பேசும். கொஞ்சம் புத்தகத் துளு. "பஞ்சாயத்து ஆபீஸ் போர்டு பேசற மாதிரி இருக்கு" என்று ஊரில் சிரித்தார்கள், ஆனாலும் பேசினார்கள்.

ஹரிணாக்ஷிக்கு இந்த வேலை கையோடு வந்த சீதனம் மாதிரி. அவள் தாய்மாமன் அந்த மேளத்திலேயே தாளம் போட்டவர். ஆட்ட முற்றத்துப் பாயில் படுத்து, செண்டை முழக்கத்தில் தூங்கி வளர்ந்தவள் அவள். மேளத்தின் வழக்கம் எதுவும் அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கருவிகளின் குறிப்புகளை மளமளவென்று பார்த்து முடித்தாள். அதில் ஒன்று 'நாள் விடுவிப்பு'. கீழே இரண்டே வரி: 'வேண்டுதல்காரரால் குறித்த நாளில் ஆட்டம் நடத்த முடியாதபோது அந்த நாளை விடுவிக்கும். விடுவித்த நாள் அடுத்தவருக்குப் போகும்.' தரகர் பேச்சு இல்லை, சுருக்கம், தெளிவு. முழு மார்க் போட்டாள். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டாள். இதில் எழுத என்ன இருக்கிறது?

ஆட்டக் காலம் தொடங்கிய பிறகு, ஏஜென்ட் பேசிய பேச்சுகளைத் திங்கட்கிழமைதோறும் உட்கார்ந்து படிப்பாள். அப்படி ஒரு திங்கட்கிழமை கொடிபைலு கிராமத்துக் கல்யாணி என்ற அம்மாளின் பேச்சு வந்தது. மறுபடி ஒருமுறை படித்தாள். தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் வாசித்தே காட்டினாள்.

"'மகளே, வர்ற மாசம் எங்க வீட்டுல ஆட்டம். ஆனா தங்கச்சி போயிட்டா. தீட்டு. இந்த வருஷம் ஒண்ணும் நடத்தக்கூடாது'ங்கறாங்க. அதுக்கு நம்ம ஏஜென்ட் என்ன கேட்டுச்சு தெரியுமா? 'மிகவும் வருந்துகிறேன் அம்மா. தங்கை உங்களோடுதான் வசித்தாரா?' அவங்க சொல்றாங்க, 'கூடவேதான் இருந்தா. ஒரே தட்டுல சாப்பிட்டோம்'னு. அப்புறம் நாளை மாத்தப் பாத்திருக்கு, இந்தக் காலத்துல ஒரு ராத்திரியும் காலி இல்ல. அதனால நாளை விடுவிச்சிட்டு, 'இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம்'னு சொல்லியிருக்கு. மனுஷங்க கூட இவ்வளவு பதமாப் பேசமாட்டாங்க."

பச்சைக் குறி போட்டாள். சரியான கருவி, கனிந்த பேச்சு.

ஸம்சீர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "நாள் போச்சு, சரி. வேண்டுதல் எங்க போச்சு அக்கா?"

ஸம்சீர் பியாரி வீட்டுப் பையன், கடற்கரை முஸ்லிம். யக்ஷகானம் என்றால் அவனுக்கு முற்றத்துக்கு வெளியே விற்கும் கடலையும் சர்பத்தும்தான்.

"வேண்டுதல் எங்கடா போகும்? அது அங்கயேதான் இருக்கும். தீட்டுன்னா அடுத்த வருஷம் முதல்ல அவங்களுக்குத்தான் குடுப்பாங்க."

அவன் நாற்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். விளையாட்டாகத்தான் கேட்டான். "எங்க எழுதியிருக்கு, அக்கா?"

 அவள் திரைப்பக்கம் திரும்பினாள்.

வரிசையில் கல்யாணியின் பெயரைத் தேடினாள். இல்லை. ஊர்ப் பெயரை வைத்துத் தேடினாள். இல்லை. ஸம்சீர் கருவியின் உள்ளே திறந்து பார்த்தான். அதை எழுதின பையன் வேறு வேலை கிடைத்து தீபாவளிக்கே பெங்களூர் போய்விட்டான். உள்ளே இரண்டு காரியம் நடந்தது. நாள் அடுத்தவருக்குப் போனது. பெயர் வரிசையிலிருந்து கழிந்தது. முதலாவது குறிப்பில் இருந்தது. இரண்டாவது இல்லை.

"வேற யாருக்காவது இப்படி ஆச்சா பாரு" என்றாள். 

வேறு யாருமில்லை. ஒரே ஒருத்தி.

புஷ்பராஜ் தலையைச் சொறிந்தான். "அந்த நாளை மும்பை ஹோட்டல்காரர் ஒருத்தர் எடுத்துட்டாரு அக்கா. அழைப்பிதழே அடிச்சாச்சு."

"நாள் இருக்கட்டும் அண்ணா. தீட்டுக்காரங்களுக்கு அந்த நாள் வேண்டவே வேண்டாம். போனது அவங்க முறை."

"கடைசியில சேத்துடலாம்..."

"கடைசின்னா பத்தொன்பது வருஷம். அந்தம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு."

 புஷ்பராஜ் மெல்ல, "மெஷின் இப்படிச் செய்யும்னு யாரு கண்டா?" என்றான்.

"மெஷின் என்ன செய்யும்? குடுத்த சீட்டைப் படிச்சு நடந்துச்சு. அந்தச் சீட்டுக்கு முழு மார்க் போட்டவ நான்."

"ஏஜென்ட்டை விட்டே போன் பண்ணி விஷயத்தைச் சொல்லச் சொல்லலாமா?"

"வேண்டாம். இதை நான் போய்த்தான் சொல்லணும்."

மறுநாள் காலை கொடிபைலு பஸ்ஸில் ஏறினாள். அது அவள் புருஷன் சதானந்தா கண்டக்டராக இருக்கும் பஸ். "என்னம்மா டீச்சரம்மா, நேத்துலேருந்து மூஞ்சி உம்முனு இருக்கு? ஊருக்கெல்லாம் மார்க் போட்டு உனக்கு யாரு முட்டை போட்டது?" என்று சீண்டினான்.

"பேசாம டிக்கெட்டைக் கிழிங்க" என்றாள். பிறகு சொன்னாள். முழுவதும் சொன்னாள்.  அவன் கொடிபைலுவில் நிறுத்தமே இல்லாத இடத்தில், கல்யாணியின் பாக்குத் தோட்டத்து வாசலுக்கு நேராக விசில் ஊதி இறக்கிவிட்டான். பின்னால் இருந்த ஒருவர், "இதென்ன புது ஸ்டாப்பு?" என்று கேட்டதற்கு, "இன்னிக்கு மட்டும்" என்றான்.

கல்யாணி பக்கவாட்டு நடையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பீடி இலை நனைத்து வைத்திருந்தது. ஹரிணாக்ஷி யாரென்று சொன்னதும், "அந்தப் போன்ல பேசின பொண்ணா?" என்று முகம் மலர்ந்தாள்.

"அது நான் இல்லம்மா. அது... மெஷின். நான் அதுக்கு மார்க் போடறவ."

"மெஷினா! தங்கச்சி கூடத்தான் இருந்தாளான்னு கேட்டுச்சே. எழவுக்கு வந்தவங்க அத்தனை பேரும் எப்பப் போனா, எப்படிப் போனான்னுதான் கேட்டாங்க. இதை ஒருத்தர் கேக்கல."

 ஹரிணாக்ஷியின் கை சும்மா இருக்க முடியாமல் கத்திரியை எடுத்து இலை வெட்டத் தொடங்கியது. நரம்பைத் தள்ளி, அச்சுத் தகட்டை வைத்து, கணக்காக. கல்யாணி பார்த்தாள்.

"பழகின கை."

"அம்மா பீடி சுத்துனாங்க."

"அப்ப நம்ம வீட்டுப் பொண்ணுதான். சொல்லு, எதுக்கு வந்தே?"

சொன்னாள். நாளை விட்டதும் முறையும் போனதை, பெயர் கழிந்ததை, அது தெரியாமல் தான் சரி என்று குறி போட்டதை. இலை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

கல்யாணி நூலை விரலில் சுற்றினாள்.

"அந்த ஆட்டம் யாருக்காக வேண்டினது தெரியுமா? இவளுக்காகத்தான், பாகீரதிக்காக. மூளைக் காய்ச்சல். டாக்டர் கையை விரிச்சிட்டாரு. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நெல்லிபதவு எந்தப் பக்கம்னு தெரியாம நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். பொழைச்சிட்டா. பொழைச்சு, பத்தொன்பது வருஷம் என்கூடச் சண்டை போட்டா, மீன் குழம்புல புளி கம்மின்னு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அம்மன் தன் பங்கை அன்னிக்கே குடுத்துட்டா மகளே. என்னை வரிசையில நிக்க வைக்கல. நான்தான் இன்னும் குடுக்கல. இனி பத்தொன்பது வருஷம் நான் இருப்பேனா?"

'நீங்கள் கவலைப்பட வேண்டாம்' என்ற வரி ஹரிணாக்ஷியின் நாக்கு நுனிவரை வந்தது. அதே வரிதான். அதை விழுங்கினாள்.

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியலம்மா. கோயில்ல போய்க் கேக்கறேன். என்ன சொன்னாலும், ஆகாதுன்னு சொன்னாலும், நானே வந்து சொல்லுவேன். அது மட்டும் என்னால முடியும்."

கல்யாணி தலையசைத்தாள். "அந்தப் பொண்ணைத் திட்டிடாத" என்றாள்.

கோயில் மொக்தேசரர் பல்லாளரைப் பார்க்க அவளோடு ஸம்சீரும் வந்தான். மொக்தேசரர் என்றால் தர்மகர்த்தா. பல்லாளர் அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து மேனேஜர் உமாநாதர் பேசினார்.

"நடுவுல எப்படிச் சொருகறது? வரிசையில நிக்கறது அத்தனையும் வேண்டுதல்தானே? ஒருத்தருக்கு இறங்கினா நாளைக்கு நூறு பேர் வாசல்ல நிப்பாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தின வரிசை ஏத்தினதுதான்."

"கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னால தீட்டுன்னு யாராவது சொன்னா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள் ஹரிணாக்ஷி.

பல்லாளர் ஆச்சரியமாகப் பார்த்தார். "அடுத்த வருஷம் முதல் வாரத்துல ஒரு ராத்திரி வச்சிருப்போம், தீட்டுக்காரங்களுக்குன்னே. இது உனக்குத் தெரியாதா? உன் மாமா நம்ம மேளத்துல தாளம் போட்டவராச்சே."

"தெரியும் ஐயா. தெரிஞ்சதுதான் வினை." அவள் கொஞ்சம் தயங்கினாள். தர்மகர்த்தாவிடம் இப்படிக் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டுவிட்டாள். "ஆனா அது எங்க எழுதியிருக்கு ஐயா?"

பல்லாளர் உமாநாதரைப் பார்த்தார். உமாநாதர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எழுதணுமா அதை? ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே" என்றார் உமாநாதர்.

"போன் எடுக்கறதுக்குத் தெரியாதே சார்" என்றான் ஸம்சீர். "எனக்கே இப்பத்தான் தெரியும்."

பல்லாளர் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் மாதிரிதான் இருந்தது. "சரி. நாளை விட்டவங்க முறையும் போயிடும்னு இருக்கே, அது எங்க எழுதியிருக்கு?"

"அதுவும் எங்கயும் இல்ல ஐயா. கருவிக்குள்ள மட்டும் இருக்கு. அதைச் செஞ்ச பையன் தானா அப்படி நினைச்சிருக்கான்."

"அப்போ ரெண்டும் எழுதாதது." அவர் எழுந்தார். "எழுதாத ரெண்டுல எது பழசோ அது நிக்கட்டும். அடுத்த கார்த்திகை முதல் வாரம், கொடிபைலு. உமாநாதரே, தீட்டுக்காரங்க ராத்திரி எப்பவும் உள்ளதுதானே, யாரையும் தள்ளிவிடலையே?"

"இல்ல... யாரையும் தள்ளல" என்று உமாநாதர் ஒப்புக்கொண்டார்.

வாசல்வரை போன பல்லாளர் திரும்பினார். "இப்பவாவது எழுதுங்கம்மா. தெரிஞ்சவங்களுக்காக இல்ல, தெரியாதவங்களுக்காக எழுதுங்க."

கல்யாணியிடம் வாக்குக் கொடுத்தபடி நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எழுதுவது அவ்வளவு லேசாக இல்லை. முதல் திருத்தத்தில் 'சாவுத் தீட்டு என்றால் எதையும் தொடாதே, அலுவலகத்தில் ஒரு மனிதரிடம் சொல்' என்று எழுதினாள். ஏஜென்ட் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டது. வீட்டில் கல்யாணம், நாளை மாற்ற வேண்டும் என்று கேட்டாலும் மனிதரைக் கூப்பிட்டது. உமாநாதரின் போன் மறுபடி ஓயாமல் அடித்தது. "எனக்குப் பதிலா அதுன்னு சொன்னீங்க, இப்ப அதுக்குப் பதிலா நானா?" என்று அவர் கத்தினார். இரண்டாவது திருத்தம், மூன்றாவது திருத்தம். ஒவ்வொன்றுக்கும் பழைய பேச்சுகளை எல்லாம் மறுபடி கேட்டுப் பார்த்தாள், ஒன்றைச் சரி செய்யும்போது இன்னொன்று சாய்கிறதா என்று. ஸம்சீர் தீட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கருவி செய்தான்.

கடைசியில் 'நாள் விடுவிப்பு' என்பதன் கீழே இப்படி நின்றது: 'குறித்த நாளை அடுத்தவருக்குக் கொடுக்கும். அதோடு வேண்டுதல்காரரின் பெயரையும் வரிசையிலிருந்து எடுத்துவிடும். திரும்பப் பெற முடியாது. வேண்டுதலையே வேண்டாம் என்று அவர் தெளிவாகச் சொன்னால் மட்டும் எடு. செய்வதற்கு முன் இதை அவரிடம் சொல்லிச் சம்மதம் கேள். வீட்டில் சாவு என்றால் இது அல்ல. முறையை அடுத்த வருஷத்துக்கு வைக்கும் கருவியை எடு.'

வெள்ளிக்கிழமை அவளே போய்ச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். "பழைய தாளைக் குடுங்கடா" என்றாள். ஸம்சீர் கீழே குரல் கொடுக்கவில்லை. கல்யாணியின் வார்த்தைகளை அப்படியே, கேலி இல்லாமல் வாசித்தான். தங்கச்சி போயிட்டா, தீட்டு.

ஹரிணாக்ஷி தாளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மாமா சொன்னது, மேளத்தின் முதல் வாரம், கல்யாணியின் முறம், பாகீரதியின் புளி.

"நாளை விட்டா இவங்க முறை என்ன ஆகும்னு இந்தத் தாள்ல இல்ல. அதனால எனக்குத் தெரியாது. ஒரு ஆளைக் கேக்காம இதைத் தொடமாட்டேன்."

யாரும் கத்தவில்லை. அவள் முதல்முறையாக ஜெயித்திருந்தாள். பஜே ஸம்சீர் வாங்கினான்.

அடுத்த கார்த்திகை வந்தது. கொடிபைலுவில் பாக்குத் தோட்டத்துக்குப் பக்கத்து வயலில் மேடை போட்டார்கள். ஹரிணாக்ஷி அம்மா சுந்தரியையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தி சாயும் நேரத்தில் அம்மனுக்கு ஆரத்தி. கல்யாணி புதுச்சேலையில், தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.  செண்டை முழங்கத் தொடங்கியதும் திரும்பிக் கூட்டத்தில் ஹரிணாக்ஷியைத் தேடிக் கண்டுபிடித்து, "குடுத்துட்டேன்" என்று வாயசைத்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து கேட்டாள்: "அந்தப் பொண்ணு வரலயா? நான் போன் போட்டு அழைச்சிருந்தேனே."

"என்ன சொல்லுச்சும்மா?"

"என்னமோ சொல்லுச்சு. நீயே படிச்சுக்கோ, உனக்குத்தான் திங்கக்கிழமை எல்லாம் வருமே."

திங்கட்கிழமை அவள் முதலில் தேடியது அதைத்தான்.

கல்யாணி கேட்டிருந்தாள்: 'மகளே, எங்க வீட்டு ஆட்டத்துக்கு நீயும் வரணும். சாப்பாடு இருக்கு.'

ஏஜென்ட் சொல்லியிருந்தது: 'அழைத்ததற்கு மிகவும் நன்றி அம்மா. ஆட்டத்துக்கு வர என்னிடம் வழி இல்லை, நான் வரமுடியாது. உங்கள் தங்கையின் பெயரை ஆட்டத்துக்கு முன் சொல்ல வேண்டுமானால், அதை மேளத்தாருக்கு எழுதி அனுப்பும் வழி இருக்கிறது. அனுப்பட்டுமா?'

'அனுப்பு மகளே. பாகீரதி.'

ஆட்டத்தன்று அந்தியில், ஆரத்திக்கு முன்னால், மேளத்தின் பாட்டுக்காரரான பாகவதர் அந்தப் பெயரைச் சொன்னதை ஹரிணாக்ஷி கேட்டிருந்தாள். யார் சொல்லி அனுப்பியது என்று அப்போது தெரியவில்லை.

முழு மார்க் போட்டாள். காரணம் எழுதும் கட்டத்துக்கு வந்தாள். ஸம்சீர் தேநீரோடு பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். அவள் எழுதியிருந்தாள்: 'முடியாததை முடியாது என்று முதலில் சொன்னது. பிறகு முடிந்ததைச் செய்தது.'